மூடி வைத்த பேனா

சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் சிறுவன் ஒருவன் எமது ஊற்றுப்பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சாமி, இதுக்கு ரீஃபில் எங்கே?" என்றான். நகைத்தோம், பின்னர் வருந்தினோம். தீர்ந்ததும் எறியவே பழகிய பிள்ளைகளுக்கு, நிரப்பிப் பேணுவதை யாம் கற்பிக்கவில்லையே!

ஆகவே ஐம்பது பிள்ளைகளுக்குப் பேனாவும் மையும் வாங்கப் பங்குக் குடும்பங்களிடம் கையேந்தினோம். வீட்டிற்குப் பத்து ரூபாய் போதும் என்றோம். பூ விற்கும் கைம்பெண் ஒருவர் இருபது ரூபாய் ஈந்து, "என் பேரனுக்கு இல்லை சாமி, பேனா வாங்க இயலாத பிள்ளைக்கு" என்றார். நற்செய்தியின் இரு காசுகளை அன்று கண்டோம்.

எழுத்தாளர்களின் பாதுகாவலராம் புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளான சனவரி 24 அன்று, சேர்ந்த தொகைக்கு வாங்கிய முப்பது பேனாக்களை மந்திரித்து வழங்கினோம். மை நிரப்பவும் முள்ளைக் கழுவவும் பங்கின் முதியோர் கற்பித்தனர்.

1884-இல் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனாவின் நுட்பம் எளியது: மை வெளியேற வெளியேறக் காற்று உட்புகும். வழங்கினாலன்றிப் பெறவியலாது. எழுதாமல் மூடி வைத்த பேனாவிலோ மை உலர்ந்து முள் அடைபடும். நம் பணப்பெட்டியும் அத்தகையதன்றோ?

இன்னும் இருபது பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.