எட்டாவது வாரத்தில் ஒரு பரீட்சை

"இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு, அம்மா!" என்று சொல்லாத மாமியார் அம்பத்தூரிலும் இல்லை, ஆவடியிலும் இல்லை. அன்பினால் சொல்வதுதான். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பவர்களைத்தான் காணோம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை நிறுவிய டாக்டர் வீ. சேஷையாவும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளைப் பரீட்சித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பகால நீரிழிவு சென்னை நகரில் நூற்றுக்கு 17.8 பேருக்கு இருந்தது. திருவள்ளூர்க் கிராமங்களில் 9.9 பேருக்கு. வயலெல்லாம் வீடாகிவிட்ட நம் பூந்தமல்லிப் பக்கம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

அவர் வகுத்த முறையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வியாதி உண்டு. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அவள் மறுமுறை வருவாளா? 2007-ல் தமிழ்நாடு அரசாங்கம் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரீட்சையைக் கட்டாயமாக்கியது.

பிற்காலத்தில் அவர் இன்னும் முன்னே போனார். சிசுவின் கணையம் பதினோராவது வாரத்தையொட்டி இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. அதற்குள் தாயின் சர்க்கரை அடங்க வேண்டும். ஆகவே எட்டாவது வாரத்திலேயே, உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் பார்த்து, 110-க்கு மேற்பட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்றார். எட்டாவது வாரமென்பது மசக்கைக் காலம்; சிலர் பெற்ற தாயிடம்கூடச் செய்தியைச் சொல்லியிராத காலம்!

எங்கள் பள்ளியின் இளம் உபாத்தியாயினி ஒருவர், வளைகாப்புக்கு நாள் பார்த்த பிறகே பரீட்சைக்குப் போனார். பிரசவம் வரை இன்சுலின் ஊசி. குழந்தை சுகமாகப் பிறந்தது. இரண்டாவது முறை எட்டாவது வாரத்திலேயே போய்விட்டார். மாமியாரும் கூடப் போனார்.