மாத்திரையால் ஆயுள் கூடுமா?

சுங்கை வே வட்டார மருந்துக் கடைகளில் வைட்டமின் மாத்திரைகளுக்குக் குறைவில்லை. தினம் ஒன்று போட்டால் நோயின்றி நீண்ட நாள் வாழலாம் என்பது வாங்குவோரின் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை உலகுக்குக் காட்டியதில் கோலாலம்பூருக்கும் தமிழர் சோற்றுக்கும் பங்குண்டு.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. கால் மரத்து, உடல் வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்நோய், தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் கவனித்தார். 1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்தார். ஓராண்டில் பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரிக்குப் பலியாயினர். புழுங்கல் உண்டோரில் ஒருவரும் இல்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 சத்து நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ என்ற பெயரையே உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் 1912-இல்தான் சூட்டினார்.

ஆக, குறையும் வைட்டமினை ஈடுகட்டினால் உயிர் பிழைக்கும். போதுமானது இருக்கும்போது மேலும் விழுங்கினால்? அமெரிக்காவில் சுமார் 3,90,000 ஆரோக்கியமானவர்களை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. தினமும் மல்டிவைட்டமின் போட்டவர்களிடம் இறப்பு குறையவில்லை. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்விலோ, பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்ட புகைப்பிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது.

இன்று நம் ஆயுளைக் கரைப்பது பெரிபெரி அல்ல, இனிப்பு நீர் எனும் நீரிழிவு நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், நள்ளிரவு ரொட்டி சானாய், நடக்காத கால், ஷிப்ட் வேலையில் கெட்ட தூக்கம், சிகரெட் ஆகியவற்றின் கேட்டை எந்த வைட்டமினும் ஈடுகட்டாது.

வைட்டமின் தேவைப்படுவோரும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். இனிப்பு நீருக்காக நீண்டகாலம் மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுவோருக்கும் பால்கூடத் தொடாத சைவர்களுக்கும் பி12 குறையலாம். இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் வாங்குங்கள்.

மற்றவர்கள் அந்தக் காசுக்குக் கீரையும் பழமும் வாங்கலாம். வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். அடுத்த முறை தே தாரிக் கேட்கும்போது ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சேர்த்துச் சொல்லுங்கள்.