இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

காலபோக வெள்ளாண்மையை வெட்டிச் சூடடித்த பின் பரந்தன் வெளியில் 60 மூடை நெல் அடுக்கியிருக்கிறதென்று கொள்வோம். பங்காளிகள் இருவராயினும் மூவராயினும், நால்வர், ஐவர், அறுவராயினும், ஒரு மூடையின் வாயையும் அவிழ்க்காமலே கமக்காரர் சமபங்காகப் பிரித்துவிடலாம். 61 மூடையாயின் ஒருவரே முழுவதையும் கொண்டுபோகவேண்டும், அல்லது 61 பேர் வரவேண்டும். 60க்குக் காரணிகள் 12. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் வெல்லும் இத்தகைய எண்களின் ஸ்வபாவத்தை, ஈரோட்டிலே பிறந்து கும்பகோணத்திலே வளர்ந்து 1914ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற ஸ்ரீநிவாச இராமானுஜன் ஆராய்ந்து, 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் நீண்டதொரு கட்டுரையாக வழங்கினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்ததும் இந்த ஆராய்ச்சிக்காகவே. அக்கட்டுரையில் அவர் இயற்றிய பட்டியல் 102 எண்களைக் கொண்டு 6746328388800 வரை செல்கிறது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இத்தனை பெரிய பட்டியலை ஆக்கிய அம்மேதையின் பார்வைக்கும் ஓர் எண் தப்பிவிட்டது.

அந்த எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. 2ஐ ஆறு தடவை, 3ஐ நான்கு தடவை, 5ஐயும் 7ஐயும் இவ்விரு தடவை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு தடவை எடுத்துப் பெருக்கினால் இது கிடைக்கும். முதன்மை எண்கள் ஒன்றும் இடையில் விடுபடாமல் வரிசையாக வருவதும், தடவைகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கிச் செல்வதும் இக்குலத்து எண்கள் யாவற்றுக்கும் உரிய லக்ஷணம். காரணிகளை எண்ணவோ, ஒவ்வொரு தடவைத் தொகையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7×5×3×3×2×2×2×2, ஆக 5040. என்ன ஆச்சரியம்! இந்த 5040உம் அதே குலத்தைச் சேர்ந்தது. அதற்குக் காரணிகள் சரியாக 60.

இன்னும் விசேஷமானது, விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வந்து நிற்பது. இந்த ஒரு விடுபாட்டினால் அவர் நிறுவிய பொது விதிகளுக்கு யாதொரு குறையும் இல்லை. அவ்விதிகளே அக்கட்டுரையின் உயிர்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காரணிகளைப் பயிலும் மாணவர்கள், கணிப்பானை ஒதுக்கிவைத்து, ஒரு தாளில் மேற்சொன்ன பெருக்கல்களைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டுகிறேன்.