குரு வரும்வரை காத்திருக்க வேண்டாம்



37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 28 வாரத்தில் அவசர அறுவை சிகிச்சையில் எடுத்த பிள்ளை இன்குபேட்டரில் மூச்சுக்குப் போராடுகிறது. தாய் இன்னும் மயக்கத்தில். தகப்பனோ வராந்தாவில் நின்று பங்குத்தந்தைக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். சாமியார் வந்து சேர இரண்டு மணி நேரமாகலாம். அதுவரை?

சாவு ஆபத்திலுள்ள குழந்தைக்குத் தாமதமின்றித் திருமுழுக்கு அளிக்கச் சொல்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 867). அவசரத்தில் யாரும் அளிக்கலாம் (861). தகப்பன், பாட்டி, கிறிஸ்தவரல்லாத நர்ஸ்கூட. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். மந்திரித்த தண்ணீர் தேவையில்லை. டாக்டரையோ நர்ஸையோ கேட்டு, வெதுவெதுப்பான சுத்தமான நீரைச் சில சொட்டுகள் நெற்றியில் வழியவிட்டபடி, “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றினால் போதாது. நீர் தோலில் ஓட வேண்டும். பெயர் முடிவாகவில்லையே என்றும் தயங்காதீர்கள்.

பிள்ளை பிழைத்தால் மறுபடி திருமுழுக்கு கிடையாது. பங்கில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுதிரி எல்லாம் பிறகு கோவிலில்.

அதற்கும் நேரமில்லாமல் இறந்துவிட்டால்? இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்காகச் சுமக்கும் தாய்மார் உண்டு. “என் பிள்ளை மோட்சம் போகாதா, சாமி?” என்பார்கள். திருச்சபை அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது (மறைக்கல்வி 1261). அவர்கள் மீட்படைவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டென்று 2007இல் பன்னாட்டு இறையியல் குழுவும் எழுதியது. பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கமும் செய்யலாம் (1183). தயங்காமல் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.