மனதைப் படிக்க எத்தனை லட்சம்?

உளவியல் பட்டத்துக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது, சம்பளம் எந்தப் படியில் தொடங்குகிறது என்பதைத்தான்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை "இன்ஜினீயரிங் வேண்டாம், சைக்காலஜிதான் படிப்பேன்" என்று சொன்னால் இப்போதெல்லாம் வீட்டில் யாரும் அதிர்ந்துபோவதில்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு மனநலம் என்ற சொல் நடுத்தர வர்க்க வீடுகளிலும் சகஜமாகப் புழங்குகிறது. தேவையும் நிஜமானதுதான். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. கோளாறின் வகையைப் பொறுத்து இவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறுவதில்லை.

நோயாளிகள் ஏராளம், கவனிக்க ஆள் குறைவு. எனவே படித்தால் வேலை நிச்சயம் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். வங்கிக்குப் போய்க் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்தும் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. உளவியல் பட்டம் பெற்ற எல்லோரும் சிகிச்சை அளிக்க முடியாது.

இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் (1992) மருத்துவ உளவியலாளர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பல ஆண்டுகளாக இந்தப் பதிவுக்கான முக்கிய வழி இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பு. அதாவது பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, எம்.ஃபில். இரண்டு என மொத்தம் ஏழு ஆண்டுகள். முதல் படியோடு நிற்பவர் கம்பெனிகளின் பணியாளர் துறைக்கோ, தொண்டு நிறுவனங்களுக்கோ போகலாம். ஆனால் அங்கே மற்ற கலைப் பட்டதாரிகளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இனி கடன். முதுகலைக்காக முதல் ஆண்டு 2 லட்சம், இரண்டாம் ஆண்டு 2 லட்சம் என 4 லட்சம் ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து மேலும் ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் தனி வட்டி மட்டுமே 1 லட்சம் ஆகிவிடும். தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சம். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 6,600 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 7.9 லட்சம். தவணையைக் குறைக்கப் பதினைந்து ஆண்டு கேட்டால் மாதம் சுமார் 5,400 ரூபாய்தான், ஆனால் மொத்தம் 9.7 லட்சத்தைத் தொட்டுவிடும்.

இந்த 6,600 ரூபாய் சுமையா இல்லையா என்பதைச் சம்பளமே தீர்மானிக்கும். 20,000 ரூபாய் வாங்குபவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. பல்கலைக்கழக மானியக் குழு ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அவருக்கு அது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. கடன் ஒன்றுதான், ஏறி நிற்கும் படிதான் வேறு. தவணை தவறினால் மகளின் பெயரோடு அப்பாவின் கடன் வரலாறும் கெடும்.

படிகளும் இப்போது இடம் மாறுகின்றன. எம்.ஃபில்லைக் கைவிட வேண்டும் என்றது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தரப்பட்டது. தபால் வழியில் குறைந்த செலவில் உளவியல் படிக்கும் வழியையும் மானியக் குழு 2025இல் அடைத்தது. சுகாதாரத் துறை சார்ந்த படிப்புகளில் உளவியலையும் சேர்த்து, தொலைதூர, ஆன்லைன் முறைகளில் புதிய சேர்க்கை கூடாது என்றது. எனவே எந்தப் பட்டத்துக்குப் பதிவு கிடைக்கும், அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை விளம்பரத்தை நம்பாமல் கவுன்சிலின் பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருவதே புத்திசாலித்தனம்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. இவற்றால் வேலை பெருகலாம். ஆனால் நியமனம் செய் என்ற உத்தரவு, இவ்வளவு சம்பளம் கொடு என்ற உத்தரவு ஆகாது.

அப்படியானால் கடனே வேண்டாமா? வேண்டியிருக்கலாம், ஆனால் கடைசிப் படிக்கு. இளங்கலையை அரசுக் கல்லூரியிலோ, க்யூட் நுழைவுத் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகத்திலோ குறைந்த கட்டணத்தில் முடித்துவிடலாம். ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவர் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதில் பிணையும் ஜாமீனும் கேட்பதில்லை. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள, வேறு அரசு உதவி பெறாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தாலும் பாரம் குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் முதல் ஆண்டு மாதம் சுமார் 1,700 ரூபாய், பிறகு 3,300 ரூபாய். அப்படிச் செய்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 5,300 ஆகக் குறையும், மொத்தத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாய் மிச்சம்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும் நாளில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்க அரை மணி நேரம் போதும். கையெழுத்துப் போட்ட பிறகு எழுதினால் அதே கணக்கு பத்து ஆண்டு நீளும்.