சேலம், நாமக்கல் பகுதியில் வாகனக் காப்பீடு

வாகனக் காப்பீடு என்பது விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் முதலியவற்றால் ஏற்படும் பண இழப்பை ஈடுசெய்யக் காப்பீட்டு நிறுவனத்துடன் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம் ஆகும். சேலம் மாநகரில் கார் வைத்திருப்போருக்கும், லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டார மக்களுக்கும் இது ஆண்டுதோறும் வரும் முக்கியச் செலவாகும்.

காப்பீட்டின் வகைகள்

மூன்றாம் நபர் காப்பீடு: பேச்சுவழக்கில் 'தேர்ட் பார்ட்டி' எனப்படும் இது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி கட்டாயமானது. வாகனம் மோதிப் பிறர் இறந்தாலோ காயமடைந்தாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். இதற்கு உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

முழுக் காப்பீடு: 'ஃபுல் இன்சூரன்ஸ்' எனப்படும் இதில் சொந்த வாகனத்தின் சேதமும் திருட்டும் சேர்ந்திருக்கும். பழைய பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு பெற 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பு உண்டு. அது இல்லையெனில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்க வேண்டும்.

கட்டணம் கணக்கிடும் முறை

மூன்றாம் நபர் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. சென்னையாயினும் சேலமாயினும் தொகை ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சி.சி. வரையுள்ள தனியார் கார்களுக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இதை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சொந்தச் சேதக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். பழைய கட்டண விதிகளில் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் 'ஏ' மண்டலத்திலும், சேலம், நாமக்கல் உள்ளிட்ட பிற ஊர்கள் 'பி' மண்டலத்திலும் வைக்கப்பட்டன. வாகனம் எங்கே ஓடுகிறது என்பதைவிட, எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது என்பதே மண்டலத்தை முடிவு செய்யும். ஐந்து ஆண்டுக்குட்பட்ட, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள, 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள காருக்கு அந்த விதிப்படி சென்னையில் 16,415 ரூபாய், சேலத்தில் 15,955 ரூபாய். வேறுபாடு 460 ரூபாய் மட்டுமே. 2007 முதல் நிறுவனங்களே சொந்தச் சேதக் கட்டணத்தை முடிவு செய்வதால், ஊர் வேறுபாட்டைவிட நிறுவனம் தரும் தள்ளுபடியே செலவைப் பெரிதும் மாற்றுகிறது.

வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு (ஐ.டி.வி.) வயதுக்கேற்பக் குறையும், ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். கட்டணத்தைக் குறைப்பதற்காக இதை மேலும் குறைத்துப் போட்டால், வண்டி திருடு போகும்போது கிடைக்கும் தொகையும் குறைந்துவிடும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 முதல் 50 விழுக்காடு வரை 'நோ கிளைம் போனஸ்' கிடைக்கும். காலாவதியான 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது பறிபோகும்.

லாரிகளும் மூன்றாம் நபர் கட்டணமும்

லாரிகளைப் பொறுத்தவரை கணக்கு வேறு. வாடகைக்கு ஓடும், 20,000 முதல் 40,000 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு லாரிக்கு மூன்றாம் நபர் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 43,950 ரூபாய். வண்டி பழையதாகி மதிப்பு குறைந்தாலும் இத்தொகை குறையாது. ஒன்றிரண்டு லாரிகளை வைத்துப் பிழைக்கும் உரிமையாளருக்கு இது பெரும் சுமை. 2017 மார்ச் 30இல் தென்மாநிலங்களில் தொடங்கிய லாரி வேலைநிறுத்தத்திலும், 2018 ஜூலையில் நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்திலும் இக்கட்டண உயர்வுக்கு எதிரான கோரிக்கை முக்கிய இடம் பெற்றது. மறுபுறம், சரக்கு வாகன விபத்துகளில் உயிரிழப்பும் இழப்பீடும் பெரிதாக இருப்பதே உயர்வுக்குக் காரணம் எனக் காப்பீட்டுத் துறை கூறுகிறது.

பாதுகாப்பு கிடைக்காத சூழல்கள்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள சொந்தக் காரில் உடன் செல்லும் உறவினருக்கு விபத்தில் பொதுவாக நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைப்பதில்லை. முழுக் காப்பீட்டில் கிடைக்கும். கோயில், திருமணம் எனச் சரக்கு வேனில் ஆட்களை ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், அவர்களுக்கான இழப்பீடு உரிமையாளர் தலையிலேயே விழக்கூடும். உரிய உரிமம் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும் பின்னர் அதை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன.

பழைய கார் வாங்குவோர் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயரும் காப்பீட்டில் வேறு பெயரும் இருந்தால், சொந்தச் சேத இழப்பீடு மறுக்கப்படலாம். முந்தைய உரிமையாளரின் போனஸ் வண்டியோடு வராது. அது அவருடனேயே செல்லும்.