ஒரு ஜோடி ஷூ, ஒரு பதிவேடு: பொன்னுத்தம்பி 'லபோர்த்' ஆன கதை

பண்டசோழநல்லூர், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்னு நம்ம பக்கம் எந்த அரசுக் கட்டடத்துக்குப் போனாலும் வாசல்ல ஒரு கல்வெட்டைப் பார்த்திருப்பீங்க. யார் திறந்து வைத்தார், யார் தலைமை, யார் முன்னிலை, என்ன தேதி. முழுசா படிச்சாலும் அங்கே யாருக்கு என்ன மாறுச்சுன்னு மட்டும் தெரியாது.

சரி, ஒரு சீர்திருத்தவாதியைப் பற்றி அரசுக் கட்டடத்துல வெண்கலத் தகடு வைக்கணும்னா, அதுல என்ன எழுதணும்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். உதாரணத்துக்கு நம்ம புதுச்சேரிக்காரர் ஒருத்தரையே எடுத்துக்கலாம். பேர் பொன்னுத்தம்பி பிள்ளை.

ஷூவுல என்ன இருக்கு?

அவர் பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கறிஞர். 1873இல் ஒருநாள் ஐரோப்பியர் மாதிரி ஷூவும் காலுறையும் போட்டுக்கிட்டு நீதிமன்றத்துக்குள்ள போனார். இந்தியர்கள் அப்படி வருவது அன்றைய வழக்கம் இல்லை. நீதிபதி அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு அவர் மேல் நடவடிக்கை எடுத்தார். பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கு பாரீஸில் இருந்த உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

"ஒரு ஷூவுக்கு இவ்வளவா?"ன்னு தோணலாம். யோசிச்சுப் பாருங்க. அதே நீதிமன்றம், அதே தொழில். ஒருத்தர் காலில் இருந்தா அது சாதாரண உடை. இன்னொருத்தர் காலில் இருந்தா குற்றம். வித்தியாசம் ஷூவுல இல்லை, போட்டிருந்தவர் எங்கே பிறந்தார் என்பதில்தான் இருந்தது.

எதைத் துறந்தாங்க?

அடுத்த கட்டம் 1881. அதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் பின்னால போகணும். திருமணம், சொத்துரிமை, தத்தெடுப்பு போன்ற விஷயங்களில் இந்தியர்களுக்கு அவரவர் மத, சாதி வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்று 1819லேயே பிரெஞ்சு நிர்வாகம் சொல்லியிருந்தது. கேட்க மரியாதையா இருக்கு. ஆனா அந்த வழக்கமே உங்களைக் கீழே வைத்திருந்தால்?

1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணை அதுக்கு ஒரு வழி திறந்தது. விருப்பப்பட்டவர் அதிகாரி முன்னால் போய், "என் பழைய தனிநபர் சட்டத்தைத் துறக்கிறேன்" என்று பதிவு செய்யலாம். அதன்பிறகு அவருக்கு பிரெஞ்சு சிவில் சட்டம். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்தெடுக்கணும். இந்தத் துறப்புக்காக முன்னால் நின்ற பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சில் அதற்கு 'வாசல்' என்று பொருள்.

இங்கே நிறைய பேருக்கு ஒரு குழப்பம் வரும். துறந்தவர்களை பிரெஞ்சில் 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் துறந்தது மதத்தை இல்லை, ஊரையும் இல்லை. தனிநபர் சட்டத்தை மட்டும்தான். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தது வேறு கதை. அதற்கு 'ரெனோன்சான்' குடும்பமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம்ம தெருவில் 'சொல்தா' என்று கூப்பிடுகிற பழைய பிரெஞ்சுப் படைவீரர்களின் பென்ஷனும் இதுவும் ஒன்றல்ல.

வாசல் எவ்வளவு திறந்தது?

முழுசா திறக்கலை. தலித்துகளும் கிறிஸ்தவர்களும் நம்பிக்கையோடு இந்த வழியில் வந்தார்கள். சாதியைக் கேட்காத சட்டம் ஒன்று கிடைக்கிறதே! ஆனால் பெரும்பாலான இந்துக்கள் துறக்கவில்லை. நடு சண்முக வேலாயுத முதலியார் போன்ற செல்வாக்குள்ள தலைவர்கள் எதிர்த்தார்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சட்டத்துல ஐரோப்பியருக்குச் சமம்னு வந்தவங்களுக்கு ஓட்டுப்போடும் இடத்துல தனி வரிசை!

அதோட, இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு விலையும் இருந்தது. சமத்துவம் வேணும்னா நீ உன் வழக்கத்தை விட்டுட்டு வா என்றுதான் அரசு சொன்னது. வழக்கத்துக்குள்ளேயே சமத்துவம் கேட்டவருக்கு அந்த ஆணையில் இடம் இல்லை. லபோர்த்தின் வெற்றியைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அப்போ தகட்டுல என்ன எழுதலாம்?

'மாபெரும் தலைவர்', 'விடிவெள்ளி' மாதிரி சொற்களை எந்தப் பெயரோடும் ஒட்டிடலாம். அதனால அதெல்லாம் வேண்டாம். என்னைக் கேட்டா மூணு வரி போதும். 1873: ஷூவோடு உள்ளே வந்தார். 1881: மற்றவர்களுக்கும் ஒரு வழி கிடைத்தது. 1884: அந்த வழியில் வந்தவர்களைத் தனியாக நிறுத்தினார்கள். மூணாவது வரி இருந்தால்தான் படிக்கிறவர் "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்பார்.

புதுச்சேரியில் உங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்தா, அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அது எப்படி வந்ததுன்னு கேளுங்க. எல்லாப் பெயருக்கும் பின்னால இந்தக் கதைதான் இருக்கணும்னு இல்லை. ஆனா சில வீடுகளில், 'மேரி'யில் பதிவேட்டுக்கு முன்னால் நின்ற தாத்தாவுக்குத் தாத்தாவில் இருந்து பேச்சு தொடங்கும்.